கஞ்சிக்குப் போங்கள், மாடிக்கு ஏற வேண்டாம்

நம் இலங்கை மலையகத்து ஹட்டனில் வந்திருக்கிற அந்த இயற்கை உணவுக் கடை எப்படி என்று போன மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய் வலிக்கச் சொல்வதை விட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போட மாட்டேன், ஏனென்றால் நான் இன்னும் அங்கேதான் காலையில் கஞ்சி குடிக்கிறேன், நாளைக்கும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். பலகையில் 'இயற்க்கை' என்று ஒரு 'க்' கூடுதலாக எழுதியிருப்பார்கள், அதைத் திருத்தச் சொல்லி இரண்டு தடவை சொல்லியாயிற்று. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பிழை இல்லை, தமிழுக்கு மட்டும் எப்போதும் இந்தக் கதி.

அவசரக்காரர்களுக்குச் சுருக்கம்: காலைக் கஞ்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மதியச் சாப்பாடு பரவாயில்லை. மாடியில் இருக்கிற 'உணவு ஆலோசனை'க்கு மட்டும் ஏறாதீர்கள். ஏறியே ஆக வேண்டும் என்றால், ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசையைப் பற்றி அங்கே யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நேரம் இருக்கிறவர்கள் மீதியையும் படியுங்கள்.

காலை ஆறு மணிக்கே கீழே அடுப்பு எரியும். நோர்வூட் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும்போது எனக்கு வேலைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும், அதற்குள் ஒரு கோப்பைக் கஞ்சியை ஆற அமரக் குடித்துவிடலாம். நாளுக்கு ஓர் இலை. திங்கள் வல்லாரை, செவ்வாய் முடக்கொத்தான், புதன் ஹாத்தாவாரிய (நம் ஆட்கள் தண்ணீர்விட்டான் என்பது), வியாழன் கறிவேப்பிலை, வெள்ளி பொல்பலா, அதாவது சிறுபீளை. சனிக்கிழமை அன்று மிஞ்சியதெல்லாம் சேர்ந்த கலவை, அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஒன்றின் வாசத்தை ஒன்று கெடுத்துவிடும். ஞாயிறு கடை இல்லை. ஒரு கோப்பை 180 ரூபா, கூட ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. பக்கத்துப் பேக்கரியில் ஒரு ரோல்ஸும் பால் தேத்தண்ணியும் வாங்கினாலே அதைத் தாண்டிவிடும்.

கொலகந்த, அதாவது இந்த இலைக்கஞ்சி, இந்த நாட்டில் புதிதல்ல, பஸ் நிலையத்தில் தள்ளுவண்டியில் கூட விற்பார்கள். ஆனால் நிறைய இடங்களில் அது பச்சைச் சாயம் கரைத்த சோற்றுத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இங்கே வித்தியாசம் சமையல்கட்டில் இருக்கிற அக்காதான். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்கள அக்கா, தமிழ் நம்மளை விட வேகமாகப் பேசுவார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே போய் நின்றபோது முழுவதையும் பார்த்தேன். சிவப்புப் பச்சையரிசியை முதல் நாள் இரவே ஊற வைத்துவிடுகிறார். காரணம் கேட்டதற்கு, "இங்க எங்க ஊரு மாதிரி இல்ல, அரிசி வேகவே வேகாது" என்றார். சரிதான், ஹட்டன் 1,250 மீற்றருக்கு மேல் இருக்கிற ஊர், இங்கே தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும், சிவப்பரிசிக்கு அந்தச் சூட்டில் கூடுதல் நேரம் வேண்டும். இஞ்சி, உள்ளி, கொஞ்சம் உப்பு போட்டு அரிசி குழையும் வரை விட்டு, பிறகு இரண்டாம் பால், அப்புறம் முதல் பால். இலையை மூன்று தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைத்து, உரலில் இடித்துப் பிழிகிறார். அந்தச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்குகிற நேரத்தில்தான் ஊற்றுவார். ஒரு நிமிடம் கூடக் கொதித்தால் பச்சை செத்துப் பழுப்பாகிவிடும். இலையின் பச்சையத்துக்குள் இருக்கிற மக்னீசியம் சூட்டில் கழன்றுபோவதால்தான் அப்படி நிறம் மாறுகிறதாம், பள்ளிக்கூடத்தில் படித்தது. அக்காவுக்கு மக்னீசியம் தெரியாது, நேரம் தெரியும்.

நான் கேட்ட இன்னொரு கேள்வி, நீங்களும் எந்தக் கடையிலும் கேட்க வேண்டிய கேள்வி: இலை எங்கே பறித்தது? நம் மலைகளில் தேயிலைக்கு இடையிலேயே வல்லாரை தானாகப் படர்ந்து கிடக்கும், அம்மாயி காலத்தில் கொழுந்துக்கூடையின் ஓரத்தில் ஒரு பிடி கீரையும் சேர்ந்து வரும். இப்போது அந்த மலைகளில் புல்லுக்கு மருந்தடிக்கிறார்கள். கிளைபொசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள், இடையில் என்னென்னவோ அடித்தார்கள். மருந்தடித்த மலையில் பறித்த வல்லாரையை வைத்து 'இயற்கை' என்று விற்றால் அதை விட மோசடி இல்லை. இங்கே இலை கினிகத்தேனையில் வீட்டுத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ்ஸில் சாக்கில் வருகிறது. சாக்கை நானே பார்த்தேன், பஸ் கொண்டக்டர் இறக்கிப் போட்டுவிட்டுக் கஞ்சியும் குடித்துவிட்டுப் போகிறார். இதற்காக ஒரு நட்சத்திரம் கூடக் கொடுப்பேன்.

கஞ்சி குடித்தால் இன்ன நோய் போகும் என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள், அதைப் படிக்காதீர்கள். வல்லாரைக்கு ஞாபக சக்தி, பொல்பலாவுக்குச் சிறுநீரகக் கல், ஹாத்தாவாரியவுக்குப் பெண்களின் எல்லாப் பிரச்சினையும். எனக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். முன்பு காலையில் இரண்டு ரோல்ஸும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் தான், பத்து மணிக்கு மறுபடி பசிக்கும், பணிஸ் வாங்குவேன். இப்போது மதியம் வரை தாங்குகிறது. வயிறு சுலபமாக இருக்கிறது. அவ்வளவுதான், ஞாபக சக்தி கூடவில்லை, போன கிழமை கூடக் குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் மட்டும் திடீரென்று தினமும் இலைக்கஞ்சி தொடங்காமல், கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பச்சை இலையில் இருக்கிற விற்றமின் கே அந்த மருந்தோடு சண்டை பிடிக்கும்.

குறையும் இருக்கிறது. கருப்பட்டியைப் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டு, சீனி வருத்தக்காரர் கேட்டாலும் "இது சீனி இல்லங்க, பயமில்லாம சாப்பிடுங்க" என்கிறார் காசாளர் தம்பி. கித்துள் பாணியைக் காய்ச்சிக் கட்டியாக்கினால் அதில் பெரும்பங்கு சீனிதான் தம்பி. வாசம் நல்லது, நிறம் நல்லது, இரத்தத்துக்குள் போனதும் அது சீனிதான். அம்மாவோடு போகும் நாட்களில் துண்டை நான் வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொள்வேன். இன்னொன்று, காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் 'இயற்கை நெல்லிப் பானம்' என்று போத்தல்கள் அடுக்கியிருக்கிறார்கள். திருப்பிப் பாருங்கள், சிவப்பு வட்டம். 2016இலிருந்து நம் நாட்டில் பானப் போத்தல்களில் போடுகிற சீனி அடையாளம் அது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சீனி கூடிய சோடாவுக்குப் போடுகிற அதே சிவப்பு.

மதியச் சாப்பாடு 550 ரூபா. பச்சைப்பெருமாள் அரிசிச் சோறு, பருப்பு, ஒரு மல்லும் (கீரையைப் பொடியாக வெட்டித் தேங்காய்ப்பூவோடு பிரட்டுவது), ஒரு மரக்கறி, சில நாட்களில் வாழைப்பூ. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உப்பைக் குறைப்பதாக நினைத்து ருசியையும் குறைத்துவிடுகிறார்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எனக்கும் தெரியும், அதற்குத்தானே தேசிக்காயும் மிளகும் கறிவேப்பிலையும் இருக்கிறது? கட்டச் சம்பல் கேட்டால் முறைக்கிறார்கள். சோறும் எங்களைப் போல் மலை ஏறி இறங்குகிறவர்களுக்குக் காணாது. ஒரு மணிக்கு மேல் போனால் மல்லும் முடிந்திருக்கும். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், அதாவது டிசம்பரிலிருந்து மே வரை, சனி ஞாயிறு நெருங்கினால் இடமே கிடைக்காது, நல்லதண்ணிக்குப் போகிற கூட்டம் முழுவதும் அங்கே நிற்கும். கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் இருந்த நாளை நான் இன்னும் பார்க்கவில்லை. சரி, மாடிக்கு வருவோம்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம், கூடவே பிரஷர். கொழுந்து மலையில் முப்பத்து நாலு வருடம் நின்றவர். மாதக் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவார், குளிசையையும் ஒழுங்காகப் போடுவார், ஆனால் சாப்பாடுதான் எங்கள் எல்லார் வீட்டையும் போல: காலையில் கோதுமை மா ரொட்டி, மதியம் ஒரு மலைச் சோறு, இரவு மிஞ்சிய மாவில் மறுபடி ரொட்டி. ஒவ்வொன்றோடும் சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி. கடைசியாகச் சிறுநீர் சோதித்தபோது புரதம் போகிறது, சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டை எப்படி மாற்றுவது என்று கேட்க கிளினிக்கில் நேரம் ஏது, அங்கே நூறு பேர் நிற்பார்கள். கீழே கஞ்சி இவ்வளவு நன்றாக இருக்கிறதே, மேலே இருப்பவரும் விஷயம் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தத் தப்பு என்னுடையது.

முதல் சந்திப்புக்கு 3,500 ரூபா. அம்மா படியிலேயே நின்றுவிட்டார். "ஏ புள்ள, ரெண்டரப் பேருக்கு மேலல்ல இது?" என்றார். அம்மாவுக்கு இன்னும் எல்லாக் கணக்கும் பேர்க் கணக்குதான், ஒரு பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கி வர்த்தமானி வந்ததே, அதை வைத்துப் பார்த்தால் அம்மா சொன்னது சரி. நான் இழுத்துக்கொண்டு ஏறினேன்.

மேலே அழகாக வைத்திருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. பாய், மண்பானைத் தண்ணீர், சுவரில் காந்தி படம். பொருத்தம்தான், நீர் சிகிச்சை, மண் பட்டி என்று காந்தி தன் உடம்பிலேயே செய்து பார்த்தவர், 1946இல் புனேக்குப் பக்கத்தில் உருளிக்காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமமும் அவர் முயற்சியில்தான் தொடங்கியது. ஆனால் அதே காந்திக்கு 1924இல் குடல்வால் அழற்சி வந்தபோது புனே ஆஸ்பத்திரியில் ஆங்கில மருத்துவர்தான் வயிற்றைக் கிழித்து ஓப்ரேஷன் செய்தார். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இந்த இரண்டாவது செய்தி எட்டவில்லை போலிருக்கிறது.

சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று மாட்டியிருந்தது, எழுந்து போய்ப் படித்தேன், இணையத்தில் படித்த ஏதோ ஒரு பாடநெறி. இந்தியாவில் இயற்கை மருத்துவத்துக்கு ஐந்தரை வருடப் பட்டப்படிப்பே இருக்கிறது. நம் நாட்டில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி வைத்தியர்களுக்கு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி பதிவு உண்டு. ஐயா, உங்கள் பதிவு இலக்கம் என்ன என்று கேட்டேன். "நான் வைத்தியர் இல்லையே அம்மா, வழிகாட்டி" என்றார். வெளியே பலகையில் டொக்டர் என்று இருக்கிறது.

ஆளை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் பேசினார், அம்மா காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறார் என்று ஒன்றொன்றாகக் கேட்டார், எந்த டொக்டரும் இதுவரை கேட்காத கேள்வி. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிக்கச் சொன்னார், சோற்றுக்கு முன்னால் மரக்கறியைச் சாப்பிடச் சொன்னார். நல்ல பேச்சுத்தான். பிறகு தேத்தண்ணியில் வந்து நின்றார். "தேயிலை நஞ்சு அம்மா, அடியோடு விடுங்கள்." அம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அப்ப முப்பத்தி நாலு வருசமா நஞ்சையா ஆஞ்சேன்?" என்றார். அதற்கு மேல் அம்மா அவரை நம்பியிருக்கக் கூடாது, ஆனால் நம்பினார்.

தேத்தண்ணி விஷயத்தில் உண்மை என்னவென்றால், சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும்போதுதான் வம்பு. சாயத்தில் இருக்கிற தனின் என்கிற துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. ரொட்டியைச் சாயத்தில் தொட்டுச் சாப்பிட்டே வளர்ந்த நம் பெண்களுக்கு இரத்தம் குறைவாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும், வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இன்னும் நல்லது, புளிப்பில் இருக்கிற விற்றமின் சி இரும்பைச் சேர வைக்கும். இதை அவர் சொல்லியிருந்தால் 3,500 ரூபாவில் பாதியாவது செரித்திருக்கும். அதற்குப் பதில், உடம்பு அமிலமாகிவிட்டது, இரத்தத்தைக் காரமாக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். இரத்தத்தின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டுகிற அளவு) 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் நிற்கும், நுரையீரலும் சிறுநீரகமும் அதை அங்கேயே பிடித்து வைத்திருக்கும். நாம் குடிக்கிற சாற்றுக்கெல்லாம் அது அசையாது, அசைந்தால் நாம் இருக்கிற இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு.

பிறகு ஒரு தாளில் பத்து நாள் முறை எழுதித் தந்தார். காலையில் வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறு (நட்சத்திரப்பழம் என்பார்களே, அது) ஒரு கிளாஸ், அது சீனியை இறக்கும். மதியம் நீற்றுப்பூசணிச் சாறு. இரவு பாகற்காயும் கோவக்கா இலை மல்லுமும். நாலாம் நாளிலிருந்து சீனிக் குளிசையைப் பாதியாக்கவும். கடைசி வரியைத் தாளில் எழுதவில்லை, வாயால் மட்டும் சொன்னார், அதுவும் நான் கீழே காசு கட்டப் போயிருந்த நேரத்தில் அம்மாவிடம்.

வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்ததும் எனக்குக் காமரங்காயில் உறுத்தியது. எங்கோ கேள்விப்பட்ட ஞாபகம். மருந்துக்கடையில் கேட்டேன், அங்கிருந்த மிஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முதல் வரியைப் பேனையால் வெட்டியே விட்டார். காமரங்காயில் ஒக்சலேட் அதிகம், அது சிறுநீரகத்தில் படிகமாகத் தேங்கி அடைத்துவிடும், வெறும் வயிற்றில் சாறாகக் குடிப்பது இன்னும் மோசம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதில் இருக்கிற இன்னொரு பொருள் மூளையையே தாக்கும், நிற்காத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும். இது எங்கோ வெளிநாட்டுக் கதையும் இல்லை, காமரங்காய் சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்ட இரண்டு நோயாளிகளைப் பற்றி 2015இலேயே இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்று நாங்கள் சொன்ன பிறகு எழுதிக் கொடுத்த சாறு இது. புளிப்புக் காயான பிலிங்காயின் சாறும் இதே ரகம்தான், கொலஸ்ட்ரோலுக்கு நல்லது என்று அடித்துக் குடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கறியில் நாலு பிலிங்காய் போடுவது வேறு, கிளாஸ் கணக்கில் குடிப்பது வேறு.

சாற்றை நிறுத்திவிட்டேன், ஆனால் குளிசை விஷயம் எனக்குத் தெரியாதே. அம்மா சொல்லாமல் நாலாம் நாளிலிருந்து பாதிப் பாதியாகப் போட்டிருக்கிறார். எட்டாம் நாள் தண்ணீர் தாகம், இரவில் நாலைந்து தடவை எழும்புகிறார், கண் மங்கல் என்கிறார். பரிசோதித்தால் வழக்கமாக வருகிற எண்ணை விட ஒன்றரை மடங்கு. கிளினிக்கில் அம்மாவை ஏசவில்லை, என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தார்கள். பாகற்காயும் கோவக்காயும் சாப்பிடலாம், சீனியைக் கொஞ்சம் இறக்கவும் செய்யும், ஆனால் குளிசைக்கு மேல் அவற்றைச் சாறாக ஏற்றினால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கமும் வரலாம், குளிசையை விட்டுவிட்டு அவற்றை மட்டும் நம்பினால் இப்படி ஏறவும் செய்யும், எது செய்வதானாலும் சொல்லிவிட்டுச் செய் என்றார் டொக்டர். நியாயமான பேச்சு, ஒரு நிமிடத்தில் முடிந்தது, காசும் இல்லை.

மறுநாள் நான் மாடிக்குப் போய்க் கேட்டேன். ஆரம்பத்தில் கழிவு வெளியேறும்போது அப்படித்தான் ஏறிக் காட்டும், அது குணமாகிற அடையாளம் என்றார். ஏறினாலும் வெற்றி, இறங்கினாலும் வெற்றி என்றால் அந்த வைத்தியம் எப்போது தோற்கும்? காசைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. காசுக்குப் பதிலாக ஒன்பது வகைத் தானியத்தில் செய்த 'சத்துத் தூள்' ஒரு டின் தந்தார், 2,200 ரூபா பெறுமதி, உங்களுக்கு இனாம் என்று. பிரித்துப் பார்த்தால் வறுத்த சோளமும் சோயாவும் பயறும் அரைத்த வாசம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் சும்மா கொடுக்கிற திரிபோஷவிலும் சோளமும் சோயாவும்தான், அதைச் சாப்பிட்டுத்தான் என் தங்கச்சி பிள்ளை வளர்ந்தது.

இந்த அமளியெல்லாம் முடிந்து ஒரு காலை கஞ்சிக்குப் போயிருந்தபோது சமையல்கட்டு அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுகொண்டார். கதையைக் கேட்டுவிட்டு மாடிப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. "ரொட்டி விட ஏலாதில்லையா? விட வேணாம். ஒரு கோப்ப கோதும மாவுக்கு ஒரு கோப்ப குரக்கன் மா போடுங்க. முகுணுவென்ன பொடியா வெட்டிப் போடுங்க, வெங்காயம் போடுங்க, தேங்கா கொஞ்சம். தண்ணி சுடுதண்ணி. மெல்லிசா தட்டுங்க, மூணு திங்கிற எடத்துல ரெண்டு போதும்." முகுணுவென்ன என்பது நம் பொன்னாங்காணி. அவ்வளவுதான் ஆலோசனை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னது, கட்டணம் இல்லை.

முதல் தடவை எனக்குச் சரியாக வரவில்லை, குரக்கன், அதாவது கேழ்வரகு மாவில் கோதுமை மாதிரி இழுவை கிடையாது, தட்டும்போது ஓரமெல்லாம் வெடித்துவிட்டது. சுடுதண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிசைந்தால் சரியாக வருகிறது, வாழை இலையில் வைத்துத் தட்டினால் கிழியாமல் கல்லுக்குப் போகிறது. குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, மற்றத் தானியங்கள் எதுவும் கிட்டே வராது, நார்ச்சத்தும் கூட. விலையும் கோதுமை மாவை விடக் கூடத்தான், அதனால்தான் பாதி. 2022இல் மா விலை எகிறியபோது இந்தக் கலவை ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். எங்கம்மா காலத்தில் கேழ்வரகுக் களிதான், அதைச் சாப்பிட்டால் ஏழை என்பார்கள் என்று விட்டோம் என்றார். அம்மாயி களி கிண்டிய மரத்துடுப்பு இன்னும் எங்கள் லயத்து வீட்டு அடுப்புக்கு மேல் புகை பிடித்துக் கிடக்கிறது.

இப்போது அம்மா கிழமைக்கு மூன்று நாள் என்னோடு கஞ்சிக்கு வருகிறார், குளிசை பழையபடி, காலையில் குரக்கன் ரொட்டி, தேத்தண்ணி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. போன மாதக் கிளினிக்கில் எண் இறங்கியிருந்தது. எது இறக்கியது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், குளிசையா, ரொட்டி குறைந்ததா, அல்லது பஸ் நிலையத்திலிருந்து கடை வரை நடக்கிற நடையா.

போகிறவர்களுக்குச் சில விஷயம். எட்டரைக்குள் போங்கள், அதற்கு மேல் அடிக் கஞ்சிதான், கட்டியாக இருக்கும். போத்தல் கொண்டுபோனால் பார்சல் தருவார்கள், ஆனால் இலைச்சாறு இரண்டு மணி நேரத்தில் நிறம் மாறிக் கசக்கும், உடனே குடித்துவிடுங்கள். வியாழன் கறிவேப்பிலைக் கஞ்சி எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. வயதானவர்களோடு போனால் சுவர் ஓர வாங்கில் உட்காருங்கள், நடுவில் இருக்கிறது ஆடும். கஞ்சிக்கு ஐந்துக்கு நாலரை, மதியத்துக்கு மூன்று, மாடிக்குப் பூச்சியம்.

அந்தச் சத்துத் தூள் டின் நல்ல கனமான டின், மூடி காற்றுப் போகாமல் இறுக்கமாகப் பிடிக்கும். தூளைக் கோழிக்குப் போட்டுவிட்டு, கழுவிக் காய வைத்து, தம்பிக்குத் தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தேயிலைத்தூளை அதில்தான் அம்மா கொட்டி வைத்திருக்கிறார்.